மனசப் பாத்துக்குற ஃபயர் ஆபீசருக்கு மெடல் குடுக்கலாமா?

கேள்வி, ஏப்ரல் 14 (குடியாத்தத்துலேந்து ஒரு வாசகர்)

இன்னிக்கு தீத்தொண்டு நாள். எங்க ஊரு ஸ்டேஷன்ல மலர்வளையம் வச்சாங்க, போய் நின்னு பாத்தேன். அமெரிக்காவுல தீயணைப்பு வீரர்களோட மனநலத்துக்குத் துணையா நிக்கிற ஆபீசர்களத் தேடிப்புடிச்சு கௌரவம் பண்றாங்கன்னு படிச்சேன். நம்ம ஊர்ல அப்படி ஒருத்தர்கூட இல்லன்னுதான் எனக்குத் தோணுது. சர்வீஸ்ல இருந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஏப்ரல் 14, சாயந்திரம்

ஒருத்தர்கூட இல்லன்னு சொல்லாதீங்க தம்பி. நான் ஃபயர்மேனா சேந்து லீடிங் ஃபயர்மேனா வெளிய வந்தவன். சேரும்போது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்னு போர்டு, வெளிய வரும்போது வேலூர் மாவட்டம், அப்புறம் 2019-ல அதையும் மூணாக்கிட்டாங்க. இப்ப மூணா கெடக்குற எல்லா பக்கமும் வேலை பாத்திருக்கேன். மோசமான ஆபீசரும் பாத்தேன், நல்லவங்களும் பாத்தேன். நல்லவங்க பேரு வெளிய வராது. ஏன்னு அப்புறம் எழுதறேன், கரண்ட் போய்ப் போய் வருது.

ஏப்ரல் 14, ராத்திரி

கரண்ட் வந்துடுச்சு. இந்த நாள் எதுக்குன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. 1944 ஏப்ரல் 14, பம்பாய் துறைமுகத்துல ஃபோர்ட் ஸ்டிகைன்னு ஒரு கப்பல். பஞ்சு பேலும் வெடிமருந்தும் ஒரே கப்பல்ல. தீய அணைக்கப் போனவங்கள்ல 66 பேர் திரும்பி வரல. அவங்களுக்காகத்தான் நாடு பூரா ஸ்டேஷன்ல கொடியும் பேட்ஜும் ரெண்டு நிமிஷம் மௌனமும்.

அந்த ரெண்டு நிமிஷத்துல எனக்கு எப்பவும் ஒரே நெனப்புதான் வரும். அன்னிக்கி உயிரோட வூட்டுக்குப் போனவங்க இன்னா ஆனாங்க? பக்கத்துல நின்னவன் இல்லாமப் போயிட்டான், இவன் காது ரெண்டும் அடச்சுப்போயி நடந்து வூட்டுக்கு வந்திருப்பான், அவன் ஆபீசர் அவன்கிட்ட இன்னா சொல்லியிருப்பாரு? நம்ம டிபார்ட்மென்ட் பழக்கம் தெரிஞ்சவன் சொல்றேன், "நாளைக்கு காலைல லேட் பண்ணாம வந்துடு"ன்னு தான் சொல்லியிருப்பாரு.

ஏப்ரல் 15

மெடல் விஷயம். மெடலுக்குப் பஞ்சம் இல்ல. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் ஜனாதிபதி பதக்கம் வருது, வீரதீரத்துக்கு ஒண்ணு, தகைசால் பணிக்கு ஒண்ணு, மெச்சத்தகுந்த பணிக்கு ஒண்ணு. பொங்கலுக்கு முதலமைச்சர் பதக்கம், அது எங்கள மாதிரி கீழ இருக்குறவங்களுக்கு. அண்ணா பதக்கம் தனி. 2012-ல சென்னை எழிலகம் தீயில உள்ள போய் காயம்பட்ட பிரியா ரவிச்சந்திரன் மேடத்துக்கு அண்ணா பதக்கம் குடுத்தாங்க, அவங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கறது, அதே தீயில ஒரு வீரர் செத்தும் போனாரு.

நான் கேக்கறது வேற. அந்த மாதிரி ஒரு தீயிலேந்து வெளிய வந்தவன் அடுத்த மாசம் பூரா தூங்குறானா இல்லியான்னு கேட்டுக்கினு இருக்குற ஆபீசர் ஒருத்தர் கீறார்னு வைங்க, அவருக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிப்பீங்க? ப்ரொபோசல்ல இன்ன தேதி, இன்ன இடம், இத்தினி பேர காப்பாத்துனாருன்னு எழுதணும். இவரு விஷயத்துல ஒண்ணும் நடக்கலன்னுதான் எழுத முடியும். ஒருத்தன் வேலைய விட்டுட்டு ஓடல, ஒருத்தன் பொண்டாட்டி கோவிச்சுக்கினு அம்மா வூட்டுக்குப் போவல, ஒருத்தன் சாகல. நடக்காததுக்கு போட்டோ ஏது, பேப்பர் கட்டிங் ஏது.

ஏப்ரல் 17

ஆளாளுக்கு "ஒருத்தரயாவது சொல்லுங்க"ன்னு கேட்டுட்டீங்க. பேர் சொல்ல மாட்டேன், ஸ்டேஷனும் சொல்ல மாட்டேன், எஸ்.ஓ. ஐயான்னே வச்சுக்குங்க, எஸ்.ஓ.ன்னா ஸ்டேஷன் ஆபீசர்.

உதவின்னு வர்ற போன், அதுக்குப் போற வேலை, ரெண்டையும் நாங்க 'கால்'னுதான் சொல்லுவோம். நம்ம பக்கம் தெரியும்ல, தீ கால விட ரெஸ்க்யூ கால்தான் ஜாஸ்தி, அதுலயும் கெணறு. கே.வி.குப்பம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போனா கைப்பிடிச் சுவரே இல்லாத கெணறு நெலத்துக்கு நடுவுல வாயப் பொளந்துக்கினு இருக்கும். எவன் விழுந்தான், எப்ப விழுந்தான்னு தெரியாது, செருப்பு மட்டும் மேல கெடக்கும். பாதாளக் கரண்டிய விட்டுத் துழாவுவோம். ஏதாவது மாட்டும்போது கயித்துல ஒரு கனம் வரும் பாருங்க, அது கட்டையா ஆளான்னு கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடி கைக்குத் தெரிஞ்சிடும். வூட்ல துணி காயப்போட கொடிக்கயிறு இழுத்துக் கட்டும்போதுகூட எனக்கு அது வந்துடும்.

இந்த ஐயா கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட பாக்கெட் டைரி ஒண்ணு வச்சிருப்பாரு, எல்.ஐ.சி. ஏஜென்ட் யாரோ குடுத்தது, பிரிஞ்சு போவாம இருக்க ரப்பர் பேண்டு. கெணத்தடிக்குப் போயி எறங்குனதும் எல்லார் மூஞ்சியும் ஒரு தடவ பாப்பாரு, "நீ வேணாம், நீ எறங்கு"ன்னு ஆள மாத்துவாரு. எதுக்கு மாத்துறாருன்னு எங்களுக்குத் தெரியாது. வேண்டியவன் வேண்டாதவன் பாக்குறாருன்னு பேசிக்கினோம், ஒருத்தன் ஜாதிகூட இழுத்துட்டான். ஒருநாள் வாட்ச் ரூம்ல, அதான் ஸ்டேஷன்ல போன் எடுக்குற ரூம்ல, நான் இருக்கேன், டைரிய டேபிள்ல போட்டுட்டு கை கழுவப் போனாரு. தப்புதான், தொறந்து பாத்துட்டேன். பின்பக்கத்துலேந்து எங்க பேரெல்லாம் வரிசையா, பேருக்கு நேரா பென்சில்ல சின்னச் சின்ன கோடு. பாடி எடுக்க எறங்கினா ஒரு கோடு. கொழந்தையா இருந்தா அந்தக் கோட்டு மேல ஒரு புள்ளி. என் பேருக்கு நேரா ரெண்டு புள்ளி இருந்துது, அதுக்கப்புறம் ரொம்ப நாளு என்ன கொழந்த காலுக்கு அவரு எறக்கவே இல்லன்னு அப்பதான் ஒறைச்சுது. என் பொண்ணு அப்ப ஒண்ணாவது படிச்சுக்கினு இருந்தா.

இன்னொரு பையன் இருந்தான், எப்ப கேட்டாலும் "நான் எறங்கறேன் சார்". நாங்கல்லாம் ரொம்ப தைரியசாலின்னு தூக்கி வச்சுப் பேசுவோம், உள்ளுக்குள்ள நம்ம தப்பிச்சோம்டான்னு சந்தோஷம் வேற. ஐயா மட்டும் அவன விடல, மேல நின்னு கயிறு புடின்னாரு. எல்லார் முன்னாடியும் எகிறினான், இன்னா சார் என்ன நம்பலியான்னு. ஐயா ஒண்ணும் வெளக்கம் சொல்லல, "கயித்தப் புடி" அவ்ளோதான். எப்பவும் முன்னாடி வந்து நிக்கிறவனத்தான் மொதல்ல கவனிக்கணும்னு எனக்கு ரிடையர் ஆகுற வயசுலதான் புரிஞ்சுது, அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. அந்தப் பையனுக்கு அப்புறம் இன்னா ஆச்சுங்கறது அவன் சொல்ல வேண்டிய கத. இன்னிக்கும் சர்வீஸ்ல கீறான், அது போதும்.

ஏப்ரல் 17, மறுபடியும்

எழுதி முடிச்சுட்டு யோசிச்சேன். ஐயாவுக்கு மெடல் வாங்கிக் குடுக்கணும்னா இந்தப் பையன் கதய ஃபைல்ல எழுதணும். அது ஏ.டி.ஓ. (உதவி மாவட்ட அலுவலர்) டேபிள், டி.ஓ. (மாவட்ட அலுவலர்) டேபிள், சென்னைன்னு ஏறிப் போவும், ஒவ்வொரு டேபிள்லயும் ஒரு கிளார்க் படிப்பாரு. ஐயாவுக்கு மெடல், பையனுக்கு காலத்துக்கும் பட்டப்பேரு. அவரே வேணாம்னு சொல்லியிருப்பாரு.

ஏப்ரல் 18

"சம்பளம் வாங்கறாங்க, வேலை செய்யறாங்க, மனசு கினசுன்னு எதுக்கு இந்த செல்லம்" அப்படின்னு எழுதின அண்ணாத்தைக்கு.

இன்னிக்கு தேதி பாத்தீங்களா? 2021-ல இதே ஏப்ரல் 18, நம்ம காட்பாடி பக்கத்துல லத்தேரியில பட்டாசுக் கடை தீப்புடிச்சு தாத்தாவும் ரெண்டு பேரப்பசங்களும் போயிட்டாங்க. அதே வருஷம் நவம்பர் 19, பேர்ணாம்பட்டுல மழையில வூடு இடிஞ்சு 9 பேரு, அதுல 4 கொழந்தைங்க. அதுக்கு முன்னாடி 2015 ஜனவரி கடைசியில ராணிப்பேட்டை சிப்காட்ல தோல் கழிவுத் தொட்டி சுவர் ஒடஞ்சு, தூங்கிக்கினு இருந்த 10 பேரு அந்தக் கழிவுச் சேத்துல. வெளியூர்லேந்து பொழைக்க வந்த பசங்க. இதெல்லாம் பேப்பர்ல ஒருநாள் சேதி. எடுத்தவன் கைக்கு ஒருநாள் சேதி இல்ல. நீங்க ஒரு தடவ எடுத்துப் பாத்துட்டு வந்து செல்லம்னு எழுதுங்க, ஒத்துக்கறேன்.

கோவத்துல எழுதுனது, அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 19

சிரிக்கிற மாதிரி ஒண்ணு. மனநலம்னு மேலேந்து சர்க்குலர் வந்தா கீழ அது யோகா கிளாஸாத்தான் வந்து சேரும். 24 மணி நேரம் டூட்டி பாத்துட்டு, நடுராத்திரி புல்லு தீ, விடியக்காலைல பாம்பு கால்னு சுத்திட்டு வந்தவன வரிசையா உக்கார வச்சு மூச்ச இழு, விடுன்னா அவன் இன்னா பண்ணுவான். சவாசனத்துல மட்டும் எல்லாரும் ஃபர்ஸ்ட் கிளாஸ், ரெண்டு பேரு குறட்ட. போட்டோ எடுத்து அனுப்புனாங்க, அந்த ஆபீசருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்துது. யோகாவக் கொற சொல்லல. அன்னிக்கு அந்த ஒரு மணி நேரம் அவங்கள வூட்டுக்கு அனுப்பியிருந்தா அதுதான் யோகா.

ஏப்ரல் 22

குவார்ட்டர் விஷயம் எழுதாம இந்தப் பேச்சு முழுசாவாது.

எங்க காலத்துல மனநல உதவின்னா அது குவார்ட்டர்தான். மோசமான பாடி எடுத்துட்டு வந்தா, அழுகிப்போனது, ரயில்ல அடிபட்டது, அந்த வாசன போறதுக்குன்னு சொல்லி வாங்குவாங்க. காசு யார் குடுப்பான்னா சில எடத்துல ஆபீசரே குடுப்பாரு. அவருக்கு ஸ்டேஷன்ல நல்ல பேரு, "நம்ம கஷ்டம் தெரிஞ்ச மனுஷன்"ன்னு. நானும் அப்படித்தான் சொல்லிக்கினு திரிஞ்சேன். இன்னிக்கு எண்ணிப் பாத்தா அந்த நல்ல மனுஷன்கிட்ட வேலை பாத்தவங்கள்ல கல்லீரல் கெட்டுப் போனவன் எத்தினி பேரு, ரிடையர்மென்ட் பணம் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போனவன் எத்தினி பேரு. அவரு கெட்டவர் கெடையாது. அவருக்கும் யாராவது ஒரு காலத்துல அப்படித்தான் வாங்கிக் குடுத்திருப்பாங்க.

டைரி ஐயா இதுக்கு செஞ்சது ரொம்ப சின்ன விஷயம். பாடி கால் முடிஞ்சு வண்டி வந்துதுன்னா நேரா ஸ்டேஷன் பின்னாடி விடச் சொல்லுவாரு. பம்ப தொறந்து விட்டு எறங்கினவன மொதல்ல குளிக்க வைப்பாரு, ரெண்டு சோப்பு தீர்ற வரைக்கும். வேற லுங்கி, வேற சட்ட. அந்த யூனிஃபார்ம அவன் வூட்டுக்கு எடுத்துக்கினு போவக் கூடாது, ஸ்டேஷன்லயே ஊறப்போட்டு அலசணும். அப்புறம் சுடுசோறு, ரசம். சாப்பிட முடியலன்னா டீ. அவரும் கூடவே உக்காந்து சாப்பிடுவாரு, அந்தக் காலப் பத்தி ஒரு வார்த்த பேச மாட்டாரு, கிரிக்கெட்டு, மழ வருமா, பாலாத்துல தண்ணி விடுவானா ஆந்திராக்காரன், இதான். டூட்டி முடிஞ்சு வூட்டுக்குப் போறவன தனியா பஸ் ஏத்த மாட்டாரு, அந்த வழியா பைக்குல போற எவனையாவது கூட அனுப்புவாரு. வழியில கடை இருக்குன்னு அவருக்குத் தெரியாதா.

ஏப்ரல் 23

ஆம்பூர்லேந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கு, அதும் வூட்டுக்காரரு சர்வீஸ்ல கீறாராம். "குடிக்காம வந்தா மட்டும் போதுமாண்ணா, வந்து செவுத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்காரே"ன்னு கேட்டிருக்கு. நேத்து நான் ஆபீசர் பக்கத்துலேந்தே எழுதிட்டேன்ல, வூட்டுப் பக்கம் யோசிக்கல. அந்தத் தங்கச்சி சொல்றது சரி. என் பொண்டாட்டிகிட்ட படிச்சுக் காட்டினேன், "நீ மட்டும் இன்னாவாம், கொழந்த சாப்பிடலன்னு சாதாரணமா சொன்னாகூட தட்ட தூக்கி அடிச்சியே"ன்னா. நெஜம்தான்.

எனக்குத் தெரிஞ்ச இன்னொரு ஆபீசர், இவர் வேற, ஆயுத பூஜைக்கு குடும்பத்தோட வரச் சொல்லுவாரு. பொரி கடலை குடுத்துட்டு வூட்டம்மாங்கள மட்டும் ஒரு ஓரமா கூப்ட்டு தன் வூட்டம்மாவோட பேச விடுவாரு. "தூங்கறாரா, கை ஓங்கறாரா, ஏதாவது மாறிப்போன மாதிரி இருந்தா எனக்கு ஒரு போன்"ன்னு அந்தம்மா நம்பர் குடுப்பாங்க. ஆபீசருக்கு நேரா போன் பண்ண எந்தப் பொம்பளைக்கும் தைரியம் வராது, அந்தம்மாவுக்குப் பண்ணுவாங்க. அப்ப மெடல் யாருக்கு? எனக்கு சந்தேகமே இல்ல, அந்தம்மாவுக்குத்தான்.

ஏப்ரல் 26

ஒரு தம்பி, சைக்காலஜி படிக்கிறாராம், பெரிய கால் முடிஞ்சதும் ஆபீசர் எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு என்ன பாத்தீங்க, எப்படி இருந்துதுன்னு பேச வைக்கணும்னு எழுதியிருக்காரு. அதுக்கு டீப்ரீஃபிங்னு பேரு, ஜெஃப்ரி மிட்செல்னு முன்னாடி ஃபயர் சர்வீஸ்ல இருந்தவரு 1983-ல எழுதி உலகம் பூரா பரவுனது. தம்பி, அந்த வேகத்துல கொஞ்சம் பிரேக் போடணும். அப்படி ஒரே ஒரு தடவ உக்கார வச்சுப் பேச வைக்கிறதுல பின்னாடி வர்ற மன பாதிப்பு கொறையலன்னு மருத்துவ ஆய்வுகளச் சேத்துப் பாக்குற காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2002-லயே சொல்லிடுச்சு, 2005-ல பிரிட்டன்ல சிகிச்சைக்கு வழி சொல்ற நைஸ் அமைப்பும் இத வழக்கமாப் பண்ணாதீங்கன்னு சொல்லிடுச்சு. சில பேருக்கு கெடுதலாக்கூட போச்சாம்.

படிப்பு வேணாம், எனக்கே தெரியும். ஒரு ஆபீசர், எங்கயோ ட்ரெயினிங் போயிட்டு வந்த புதுசுல, ஒரு பஸ் ஆக்சிடென்ட் கால் முடிஞ்சு வந்த ராத்திரியே எங்கள உக்கார வச்சாரு. ஒருத்தன் பாத்தத இன்னொருத்தன் பாக்கல, பேசப் பேச எல்லார் பங்கும் எல்லார் மண்டைக்குள்ளயும் ஏறிடுச்சு. வண்டிக்கு வெளிய நின்னு ஹோஸ் புடிச்சவன் உள்ள இருந்தவங்கள நேர்ல பாத்த மாதிரி ஆயிட்டான். அவரு நல்ல எண்ணத்துலதான் செஞ்சாரு. இந்த மாதிரி ஆபீசருக்கு அவார்டு குடுத்தா எல்லா ஸ்டேஷன்லயும் இதயே பண்ணுவாங்க, அதான் எனக்கு பயம்.

பேச வேணாம்னு நான் சொல்லல. பேசுறவன் பேசட்டும், அவனுக்குத் தோணும்போது, அவன் தேடிப் போற ஆள்கிட்ட. ஆபீசர் வேலை, அவன் வந்து நின்னா வேற வேலை இருக்குன்னு சொல்லாம இருக்குறது.

ஏப்ரல் 27

மாடு கால் பத்தி எழுத மறந்துட்டேன்! டைரி ஐயா பண்ணதுலயே எனக்கு ரொம்ப புடிச்சது.

ஒரு கொழந்த கால் முடிஞ்சு ரெண்டு நாள் மூணு நாள் ஸ்டேஷனே செத்துக் கெடக்கும். யாரும் கேரம் போர்ட தொட மாட்டான். அப்ப எங்கேந்தாவது மாடு கெணத்துல விழுந்துடுச்சுன்னு போன் வரும். அன்னிக்கு அந்தக் கொழந்தய எடுத்தவனத்தான் ஐயா மொதல்ல வண்டியில ஏத்துவாரு. "உனக்குத்தான் மாட்டப் பத்தித் தெரியும்"பாரு, அவன் வேலூர் சைதாப்பேட்டைக்காரன், மாட்ட பால் பாக்கெட்லதான் பாத்திருப்பான். பழைய ஹோஸ வயித்துக்கு அடியில குடுத்துக் கட்டணும், கயிறுன்னா அறுத்துடும், அது பயத்துல ஒதைக்கும், சாணியப் போட்டு நம்ம தல மேல அபிஷேகம் பண்ணும், மேல ஊரே கூடி ஆளுக்கு ஒரு யோசன சொல்லும். வெளிய வந்ததும் அது ஒடம்ப ஒரு உதறு உதறிட்டு நம்மள திரும்பிக்கூட பாக்காம போவும். மாட்டுக்காரம்மா அழுதுக்கினே மோர் குடுப்பாங்க. திரும்பி வரும்போது வண்டியில ஒரே சிரிப்பு. உயிரோட ஒண்ண மேல தூக்கிட்டான்ல, கை மறுபடி கையாயிடும்.

இத எந்த டாக்டர் அவருக்கு சொல்லிக் குடுத்தாருன்னு தெரியல. ஒருவேள நான்தான் இல்லாத கணக்குப் போடறேனோ, சும்மா டூட்டி வரிசப்படி அனுப்பியிருப்பாரோன்னும் தோணுது. இல்ல, வரிசப்படி இல்ல. நான் ரிஜிஸ்டர் எழுதினவன்.

மே 2

அமெரிக்காவுல இன்னா பண்றாங்கன்னு மொத கேள்வி கேட்ட குடியாத்தம் தம்பிக்கு, நான் படிச்ச வரைக்கும். ரூடர்மன் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு 2018-ல அறிக்கை விட்டுது: 2017-ல அங்க பணியில செத்த ஃபயர்மேன் 93 பேரு, தற்கொலையில போனது 103 பேரு. தெரிய வந்தது மட்டும். இந்தக் கணக்க எடுக்குறவரு ஜெஃப் டில்னு ஃபயர் கேப்டனா இருந்த ஒருத்தரு. 2005-ல கத்ரீனா புயலுக்குப் போயிட்டு வந்த சகாக்கள் நெலமயப் பாத்துட்டு இவரே போயி கவுன்சிலிங் படிச்சு, அப்புறம் குடும்பம் குடும்பமா பேசி ஒவ்வொரு சாவா எழுதி வைக்கிறாரு. பாத்தீங்களா, அவரும் ஒரு டைரிக்காரர்தான்.

2022-ல அங்க ஒரு சட்டம் வந்துது, பணியில பட்ட மனக்காயத்தால தற்கொலை பண்ணிக்கிட்டா அதுவும் பணியில செத்த மாதிரி, குடும்பத்துக்கு அந்தப் பணம் கெடைக்க வழி உண்டுன்னு. அவார்டு குடுக்கறத விட இது பெருசுன்னு நெனைக்கிறேன். ஏன்னா அதுக்கப்புறம் அந்தக் குடும்பத்தப் பாத்து "அவனா, அவன் கோழை"ன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல. நம்ம ஏப்ரல் 14 மௌனத்துல அப்படிப் போனவனுக்கு எடம் இல்ல, என்கூட வேலை பாத்த ஒருத்தனுக்கு நான் மனசுக்குள்ள தனியா வச்சுக்குவேன்.

மே 5

நேத்து அக்னி நட்சத்திரம் பொறந்துடுச்சு, வேலூர்ல வெயிலு சொல்லணுமா, மொட்டமாடியில அப்பளம் பொரியுது. ஜவ்வாது மலப்பக்கம் பொகஞ்சா இந்நேரம் பசங்க எலக் கொத்த ஒடச்சு அடிச்சுக்கினு இருப்பாங்க. சரி.

பாகாயம் பத்தி ஒருத்தர் கேட்டிருக்காரு. வெளியூர்க்காரங்களுக்கு: வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியோட மனநல மையம் அங்கதான் கீது, 1957-லேந்து. எங்கெங்கேந்தோ, வங்காளத்துலேந்துகூட ரயிலேறி வர்றாங்க, நம்மாளு பத்து ரூபா டிக்கெட்ல போவ வெக்கப்படுவான். ஸ்டேஷன்ல எவனாவது கொஞ்சம் மாத்திப் பேசினாலே "டேய் பாகாயம் பஸ்ஸு வருது ஏறிக்கோ"ன்னு கிண்டல். நானும் பண்ணியிருக்கேன். அப்ப நெஜமாவே போவணும்னு இருக்குறவன் எப்படிப் போவான்? காட்பாடி பாகாயம் டவுன் பஸ்ல தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருப்பான்.

டைரி ஐயா ஒருத்தன அங்க அழைச்சுக்கினு போன விதம் எனக்குத் தெரியும், அந்த ஒருத்தன் நான்தான். பாத்துக்கினு வந்து நாளாச்சு, சொல்லலாம். ரெண்டு புள்ளின்னு எழுதுனேன்ல, அதுக்கப்புறம் மூணாவதா ஒண்ணு வேற ஸ்டேஷன்ல இருந்தப்ப வந்துது. அந்த ஸ்டேஷன் ஆபீசர்கிட்ட லீவு கேட்டேன், எல்லார் முன்னாடியும் "இன்னாத்துக்கு, பேய் புடிச்சுக்கிச்சா"ன்னாரு. அதுக்கப்புறம் கேக்கல. பழைய ஐயாவுக்கு யாரோ சொல்லியிருக்காங்க, அவரு அப்ப என் ஆபீசரே கெடையாது, ஒரு நாள் பைக்குல வூட்டுக்கு வந்தாரு. "பாகாயத்துல எனக்கு பிரஷர் பாக்கணும், தனியா போவ போரடிக்குது, வா"ன்னாரு. போனோம். அவரும் ஓ.பி. சீட்டு எடுத்தாரு, என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்தாரு, என் பேரக் கூப்பிட்டதும் "போயிட்டு வா, நான் பேப்பர் படிச்சுக்கினு இருக்கேன்"ன்னாரு. பிரஷர் பாக்க அங்க எதுக்கு வருவான் மனுஷன்.

மாத்திர ஒரு வருஷத்துக்கும் மேல சாப்பிட்டேன். தூக்கம் வந்துது. தட்டு பறக்கறது நின்னுது.

மே 9

சரி, மெடல் இல்லன்னா எப்படித்தான் கண்டுபுடிக்கறது, எப்படித்தான் கௌரவம் பண்றதுன்னு மறுபடி மறுபடி கேக்குறீங்க. நான் மொதல்ல மெடலே வேணாம்னு நெனச்சுக்கினு இருந்தேன். இப்ப அவ்வளவு உறுதியா இல்ல. புதுசா வர்ற ஆபீசர் பசங்க மேல இருக்கறவங்க எதுக்குக் கை தட்டறாங்கன்னுதான் பாப்பாங்க. யோகா போட்டோவுக்குப் பாராட்டு வந்தா யோகா போட்டோதான் வரும்.

எனக்குத் தோணுறது, மேலேந்து பாக்காம கீழேந்து கேளுங்க. ட்ரான்ஸ்ஃபர் மனு எல்லாம் ஆபீஸ்லதான் இருக்கு. எந்த ஆபீசர் வந்தப்புறம் அந்த ஸ்டேஷன்லேந்து மாத்திக் குடுங்கன்னு மனு குவியுது, எந்த ஆபீசர் மாறிப்போனதும் பின்னாலயே அவர் போன ஊருக்கு மனு போவுது, எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். ஒருத்தன் கதையும் வெளிய வராது, யாரையும் எதுவும் எழுதித் தரச் சொல்ல வேணாம். அப்படித் தெரியறவருக்கு ஷீல்டு குடுக்காம அதிகாரம் குடுங்க, மேலிடத்தக் கேக்காம சில நாள் லீவு குடுக்குற அதிகாரம். மோசமான கால் முடிஞ்சவன ஒரு வாரம் வாட்ச் ரூம்ல உக்கார வைக்கிற அதிகாரம். ஆள் பத்தாதுன்னு சொல்லுவாங்க, தெரியும்.

மே 10

சோளிங்கர் அண்ணன் சரியாத்தான் புடிச்சாரு, ட்ரான்ஸ்ஃபர் மனு பாதி ஆபீசருக்காக இருக்காது, சொந்த ஊருக்காக, பசங்க ஸ்கூலுக்காக, வயசான நைனாவுக்காக இருக்கும்னு. உண்மை. அந்தப் பாதியத் தள்ளிட்டு மீதியப் பாக்கணும். சொந்த ஊர்ல வேலை கெடச்சும் ஒருத்தன் வேணாம்னு இங்கயே கீறான்னா அங்க ஆபீசர் யாருன்னு பாருங்க.

மே 16

புதுசா எஸ்.ஓ. ஆன ஒரு தம்பி தனியா எழுதியிருந்தாரு, எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. "அவார்டெல்லாம் இருக்கட்டும் சார், நாளைக்கு காலைல நான் இன்னா பண்ணலாம்"ன்னு. அவருக்கு எழுதுனதயே இங்க போடறேன்.

வாட்ச் ரூம் செவுத்துல 101, 108 பக்கத்துல 14416-னு எழுதி வைங்க தம்பி, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், தமிழ்ல பேசுவாங்க, ராத்திரியிலயும் எடுப்பாங்க, காசு கெடையாது. பேரு கேப்பாங்களோன்னு பயப்படுவான், வேற பேரு சொல்லுடான்னு சொல்லுங்க. சி.எம்.சி. போவ சங்கடப்பட்டா அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரியிலயும் பாக்குறாங்க. கொழந்த காலுக்கு அப்பன எறக்காதீங்க, முடிஞ்ச வரைக்கும். எவனாவது திடீர்னு ரொம்ப அமைதியாயிட்டா, கடன அடச்சு சாமானெல்லாம் அவனுக்கு இவனுக்குன்னு குடுக்க ஆரம்பிச்சா, அன்னிக்கே கூட இருங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க, சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேட்டா அந்த நெனப்பு வந்துடும்னு நெனைக்காதீங்க. கிண்டல் பண்றவன தனியா கூப்ட்டு சொல்லுங்க, எல்லார் முன்னாடியும் வேணாம், அவனும் எதையோ மறைக்கறவனா இருப்பான்.

அப்புறம் லீவு லெட்டர். காரணம்னு இருக்குற எடத்துல "சொந்த வேலை"ன்னு எழுதச் சொல்லுங்க. கையெழுத்துப் போடுங்க. அதுக்கு மேல கேக்காதீங்க.